சிங்கப்பூர் ஈசூன் குடும்பம் குரூப்: கார்த்திக்கு எப்ப ஆபரேஷன்?

[3:05] செல்வி சித்தி: காலைல 6 மணிக்கே ஏ அண்ட் ஈ (அவசரப் பிரிவு) வந்தாச்சு, ஸ்கேன் பாத்து அப்பெண்டிக்ஸ்னு 9 மணிக்கே சொல்லிட்டாங்க, இப்ப மணி 3 ஆவுது இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிடல, எங்களுக்கு அப்புறம் வந்தவங்க ரெண்டு பேரு உள்ள போயாச்சு இது என்ன நியாயம்

[3:07] ராஜு மாமா: செல்வி நான் அப்பவே சொன்னேன் கிராப் டாக்சில போகாத, 995 கூப்பிடுன்னு. ஆம்புலன்ஸ்ல போனாதான் முதல்ல பாப்பாங்க

[3:15] கலா அக்கா: மாமா அப்படிலாம் இல்ல, எதுல வந்தாலும் நர்ஸ் பாத்து எவ்ளோ அவசரம்னு பி1லேர்ந்து பி4 வரைக்கும் பிரிப்பாங்க. அதுவும் ஏ அண்ட் ஈ க்யூதான், ஆபரேஷன் க்யூ வேற

[3:19] கலா அக்கா: சித்தி இப்பதான் எனக்கு ஷிப்ட் முடிஞ்சுது. தியேட்டர்ல டோக்கன் கணக்கு கிடையாது, யாரு எவ்ளோ நேரம் தாங்குவாங்கன்னு பாத்துதான் எடுப்பாங்க. பிரிட்டன்ல 2004ல ஆபரேஷன் அவசரத்த நாலு வகையா பிரிச்சு வச்சாங்க, ரத்தம் நிக்காம போறவங்க நிமிஷக் கணக்கு, கார்த்தி மாதிரி மணிக் கணக்கு, சிலது நாள் கணக்கு, மத்ததெல்லாம் தேதி குறிச்சு வர்றது. வெடிக்காத அப்பெண்டிக்ஸ்னா ஆன்டிபயாடிக் ஏத்திட்டு 24 மணி நேரத்துக்குள்ள பண்ணா போதும். அதே விரை முறுக்கிக்கிச்சுன்னா 6 மணி நேரம்தான், நடுராத்திரி வந்தாலும் அதான் முன்னாடி

[3:20] தினேஷ்: அக்கா குடும்ப குரூப்ல இதெல்லாமா 🙈

[3:20] கலா அக்கா: உனக்குத்தான்டா முக்கியமா தெரியணும்

[3:24] செல்வி சித்தி: புள்ள நேத்து ராத்திரி சாப்பிட்டது. வாய்ல ஒண்ணும் குடுக்காதன்னு பெட்டுக்கு மேல போர்டு தொங்குது, உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு, ஈரப் பஞ்சால தொடச்சு விட்டுட்டு இருக்கேன். பிளாஸ்க்ல ரசம் கொண்டாந்தேன் ரெண்டு வாய்

[3:24] கலா அக்கா: ஐயோ ரசம் வேணாம் சித்தி!!

[3:29] கலா அக்கா: எனக்கும் இதுலதான் கோவம். வரிசை மாறுறது சரி, மாறிப்போச்சுன்னு வார்டுக்கு ஒரு வார்த்தை சொல்றதில்ல, புள்ள சும்மா காயுது. சாப்பாடுன்னா 6 மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், வெறும் தண்ணி 2 மணி நேரம் போதும். நர்ஸ்ட்ட கேளுங்க எத்தன மணி போல ஆகும், லேட்டுன்னா தண்ணி குடுக்கலாமா, டிரிப் ஓடுதான்னு. அப்புறம் வலி வயிறு பூரா பரவுச்சுன்னாலோ, திடீர்னு வலி விட்டுட்டு ஜுரம் ஏறுச்சுன்னாலோ உடனே பெல் அடிங்க, அப்ப க்யூல அவன் இடமே மாறிடும்

[3:33] ராஜு மாமா: அவசரத்துக்குன்னு தனி தியேட்டர் வச்சா என்ன

[3:36] கலா அக்கா: வைக்கிறாங்க மாமா, இல்லன்னா முட்டி மாத்த வந்தவங்கள எல்லாம் திருப்பி அனுப்பணும். அந்த ரூம்ல ஒரு கேஸ் இழுத்துச்சுன்னா பின்னாடி எல்லாரும் நிக்க வேண்டியதுதான், ரூம் காலியா இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர் வேணுமே

[4:20] செல்வி சித்தி: ராத்திரி 8 மணி போல ஆகுமாம். தண்ணி குடுக்கலாம்னாங்க, ஒரே மூச்சுல குடிச்சிட்டான். முன்னாடி உள்ள போனாரே அவரு சம்சாரம் என் பக்கத்துலதான் உக்காந்திருக்கு, லாரி மோதிருச்சாம், அதோட துப்பட்டாவெல்லாம் ரத்தம். நியாயம் கேட்டேனே எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரசத்த அதுக்கு ஊத்திக் குடுத்தேன்

[10:05] செல்வி சித்தி: முடிஞ்சுது. மூணு சின்ன ஓட்டைதான். கண்ணு முழிச்சதும் கேக்குறான் ரசம் எங்கம்மான்னு