மறுமடல்: ‘கார் கவர்’ – வண்டிப் போர்வை என்று வைக்கலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘கார் கவர்’, அதாவது நிறுத்திய காரின் மேல் போடும் துணிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்தவை: மகிழுந்து உறை, சீருந்துக் கவசம், தானுந்து மூடாக்கு (மகிழுந்து, சீருந்து, தானுந்து மூன்றும் காரைக் குறிப்பவையே), படாம் (போர்த்தும் துணிக்கான பழஞ்சொல்). நிறுத்திய வண்டியின் மேல் அந்தத் துணி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தால், பயன்படுத்துகிறவருக்கும் சொல் வழிகாட்டும். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டிப் போர்வை.

> தலையணை உறை, கையுறை போல இதுவும் உறைதானே? புழங்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

உறைக்கு ஒரு வாய் உண்டு. பொருள் அதற்குள் நுழையும், உறை அதை இறுகப் பிடிக்கும். வாளுறை, கடித உறை, காலுறை எல்லாம் அப்படித்தான். காருக்குள்ளேயே இருக்கை உறை, ஸ்டீயரிங் உறை இருக்கின்றன. மாட்டினால் மாதக்கணக்கில் கழற்ற மாட்டோம். நாம் பேசும் துணி அடியில் திறந்தது, அன்றாடம் போட்டு எடுப்பது. கீழே திறந்திருப்பதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். உள்ளே சேரும் ஈரம் வெளியேற அதுவும் ஒரு வழி.

இந்த ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘தண்ணி உள்ள போகாதுல்ல?’ என்பதுதான். உள்ளே போன ஈரம் வெளியே வருமா என்று கேட்பவர் குறைவு. சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம். மழை விட்ட மறுநாள் வெயில் அடிக்கும்போது, காற்றே புகாத பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிக் கட்டிய வண்டியின் பானெட் மேல் கையை விட்டுப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அந்த நீர் பெயின்ட் மேலேயே கிடந்து வேகும். எங்கள் தெருவில் ஒரு கருநீலக் கார் இருக்கிறது. கூரையில் ஷீட்டின் மடிப்பு படிந்த இடங்கள் வரி வரியாக வெளுத்துவிட்டன. பாலிஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெயின்ட் பெயர்ந்த இடமாக இருந்தால் துரு பிடிக்கும். கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

போர்வை என்ற சொல் இங்கேதான் கைகொடுக்கிறது. போர்த்துவது மேலே படிவது, விலக்கினால் விலகுவது. ஈரத் தலையோடு யாரும் போர்த்திக்கொண்டு படுப்பதில்லை. அழுக்கு உடம்போடு புதுப் போர்வையைத் தொடுவதில்லை. காருக்கும் அதே ஒழுங்குதான். தூசியைத் துடைக்காமல் போர்த்தினால், காற்றில் துணி படபடக்கும்போதெல்லாம் இடையில் சிக்கிய மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கறுப்பு வண்டிகளில் வெயில் பட்டால் சிலந்திவலை போலத் தெரியும் மெல்லிய கீறல்களில் ஒரு பங்கு இப்படி வந்ததே.

> போர்வை என்றால் குளிருக்குப் போர்த்துவது. வெயிலுக்குப் போடுவதை அப்படிச் சொன்னால் பொருந்துமா?

பொருந்தும். மேடையில் பொன்னாடை போர்த்துவது குளிருக்கா? புலித்தோல் போர்த்திய பசுவும் குளிரில் போர்த்திக்கொள்ளவில்லை. போர்த்தலின் அடிப்படைப் பொருள் மேலே சூழ மூடுதல்; குளிர் என்பது பிறகு ஒட்டிக்கொண்டது.

கவசம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லும் சொல். தலைக்கவசம் அடியைத் தாங்கும். இந்தத் துணி தாங்காது. தேங்காய் மட்டை விழுந்தால் ஒடுக்கு விழத்தான் செய்யும். காக்கை எச்சம், வேப்பம்பிசின், புழுதி, புறஊதாக் கதிர் ஆகியவற்றோடு இதன் வேலை முடிந்தது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் வெயிலில் கிளியர் கோட்டை (பெயின்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சை) அரிப்பதைத் தடுத்தாலே பெரிய உதவி. புயல் எச்சரிக்கை வந்தால் போர்வையைக் கழற்றிவிடுவதே நல்லது. பலமான காற்றில் அது பாய்மரம்போல் உப்பி, கொக்கியால் வண்டியையே அடிக்கும். வெள்ளத்துக்கோ இது எந்த வகையிலும் மருந்தல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பகுதி மக்கள் மேம்பாலத்தில் வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதுதான் அங்கே காப்பு.

மூடாக்கு வேளாண்மையில் வேரூன்றிய சொல். செடியின் அடியில் இலைதழை பரப்புவதற்கு அதை விட்டுவிடுவோம். தார்ப்பாய், படுதா இரண்டும் லாரிச் சரக்குக்கு உரியவை. கயிறு போட்டு இறுக்குவது அவற்றின் முறை; பெயின்டைப் பற்றி அங்கே கவலை இல்லை.

படாம் என்று எழுதிய அம்மாவுக்கு என் தனி வணக்கம். பேகன் மயிலுக்கு ஈந்தது படாம். கோயில் யானையின் நெற்றியில் இன்றும் முகபடாம். தானாகப் போர்த்திக்கொள்ளத் தெரியாத ஒன்றுக்கு நாம் போர்த்துவது என்ற கருத்து அதில் அழகாக நிற்கிறது. ஆனால் உதிரிபாகக் கடையில் ‘ஒரு படாம் கொடுங்க’ என்றால் கடைக்காரர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். ‘போர்வை’ என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். அதோடு வினையும் கூடவே வருகிறது: ‘வண்டியைப் போர்த்திட்டு வா’, ‘போர்வையை எடுத்துட்டுக் கிளப்பு’. ‘கவர் போடு’ என்பதை வீட்டுப் பேச்சிலேயே மாற்றக்கூடிய சொல் இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

முன்னொட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்ப்போர்வை என்று சேர்த்தால் மழைமேகம் கவிந்த வானம் என்று படிக்க இடமிருக்கிறது. மகிழுந்தா சீருந்தா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாம். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் இதே பொருள் விற்கிறது என்பதால் ‘வண்டி’ எல்லாவற்றையும் தாங்கும்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும் என்று முதல் மடலில் கேட்டிருந்தார்கள். விளிம்பில் எலாஸ்டிக் வைத்துச் சுருங்குவது சுருக்கு விளிம்பு. சுருக்குப்பை நம் பாட்டிமார் இடுப்பில் இருந்ததுதானே. பக்கக் கண்ணாடிகளுக்குத் தைத்திருக்கும் பைகள் காதுப்பை. தண்ணீரை அறவே விடாதது நீர்புகாத் துணி. தூறலுக்குத் தாங்கி, அடைமழையில் நனைவது நீர்தாங்கு துணி. விளம்பரங்கள் இந்த இரண்டையும் குழப்புகின்றன, நாமாவது பிரித்து எழுத வேண்டும். ஈரத்தை வெளியே விடுவதை ஆவிபோகு துணி எனலாம். மேற்கூரை உள்ள பார்க்கிங்கில் நிறுத்துபவர் ஆவிபோகு துணியை மட்டும் பார்த்து வாங்கினால் போதும், மழையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வெட்டவெளியில் நிறுத்துபவர் வெயில் தாங்குமா என்றும் கேட்க வேண்டும். புறஊதாத் தடுப்பு சேர்க்காத பாலிப்ரோப்பிலீன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) துணி நம் வெயிலில் நைந்து, தொட்டாலே துகளாக உதிரும்.

மடிக்கும் முறைக்குப் பெயர் தேவையில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு பக்கத்தையும் தூக்கிக் கூரைமேல் போட்டு, பின்னாலிருந்து முன்னோக்கிப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்ட வேண்டும். அடுத்த முறை முன் பம்பரில் மாட்டிப் பின்னோக்கி விரித்தால் போதும். தூசி பட்ட வெளிப்பக்கம் பெயின்டைத் தொடாது. வண்டி ஓடி வந்த சூட்டோடு போர்த்தக் கூடாது, சைலன்சர் சூட்டில் விளிம்பு உருகும். நாள்கணக்கில் எடுக்காமல் விட்டால் உள்ளே எலி குடியேறி ஒயரைக் கடிக்கும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. வண்டியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து மறுபக்கம் பூட்டும் பட்டைக்கு ‘அடிவார்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். செருப்பு வாரை நினைவூட்டுகிறதோ என்று ஐயம். குதிரைக்குச் சேணம் கட்டுபவர்கள் வயிற்றுப் பட்டையை என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர் எழுதுங்கள். அது கிடைத்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.