கேபிள் மேலுறையை உரிப்பது பெட்டிக்குள் விடும் முன்பா, பின்பா?

எடிசன்வாசி:
நியூஜெர்சியில் சொந்த வீட்டு பேஸ்மென்ட்டுக்கு பெர்மிட் வாங்கி நானே வயரிங் செய்கிறேன். மஞ்சள் நிற 12/2 ரோமெக்ஸ் (12 கேஜ் தடிமனில் கறுப்பு, வெள்ளை இரு வயரும் எர்த்தும் ஒரே பிளாஸ்டிக் மேலுறைக்குள் வரும் கேபிள்), ஸ்டட்டில், அதாவது சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தில், ஆணி அடித்து மாட்டும் நீலப் பிளாஸ்டிக் சுவிட்ச்/சாக்கெட் பெட்டிகள். கேபிளை உள்ளே இழுத்துவிட்டு மேலுறையை உரிப்பதா, வெளியிலேயே உரித்து உள்ளே தள்ளுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

டல்லாஸ் வயர்மேன்:
வெளியில்தான். பெட்டியின் வாய் குறுகல். அதற்குள் கத்தியை விட்டால் கை கோணும், கறுப்பு வயரின் இன்சுலேஷனில் கீறல் விழும், விழுந்தது தெரியவும் தெரியாது. வெளியில் உரித்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கலாம். கீறியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரிக்கலாம்.

கொங்குக்காரன்:
சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. கேபிளை மரச்சட்டத்தோடு பிடிக்கும் ஸ்டேப்பிள் அடிக்கும்போது அது பின்னால் நழுவினால்? அமெரிக்க மின்விதிப்படி மேலுறை பெட்டிக்குள் குறைந்தது கால் அங்குலம் நீண்டிருக்க வேண்டும். உரித்த இடம் பெட்டிக்கு வெளியே போய்விட்டால், உறையில்லாத வயர் சுவருக்குள் கிடக்கும். ரோமெக்ஸின் உள்வயர்களைத் தனியாக அப்படி விட அனுமதி இல்லை. உரித்ததை மறுபடி ஒட்டவா முடியும்? நான் முதலில் உள்ளே இழுத்து, பெட்டியிலிருந்து எட்டு அங்குலத்துக்குள் ஸ்டேப்பிள் அடித்து, கேபிள் அசையாது என்று தெரிந்த பிறகுதான் கத்தியை எடுப்பேன்.

டல்லாஸ் வயர்மேன்:
நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதானே! நான் உள்ளே ஒரு அங்குலம் உறை வருகிற மாதிரி பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் உரிக்கிறேன். உள்ளே போனபின் உரிப்பவர்கள்தான் கத்தி எட்டாமல் மூன்று அங்குல உறையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த விறைப்பான உறையோடு சாக்கெட்டை மடக்கி உள்ளே தள்ளிப் பாருங்கள். அப்புறம், ஆறு அங்குல வயர் மீதி இருக்க வேண்டும் என்ற கணக்கு உறை முடியும் இடத்திலிருந்துதான் தொடங்கும். நீங்கள் விட்ட உறை அந்தக் கணக்கில் சேராது.

மதுரைக்காரி:
இருவரும் முன்பா பின்பா என்றே நிற்கிறீர்கள். கத்தி எங்கே ஓடுகிறது என்பதைப் பாருங்கள். 12/2 தட்டையான கேபிள். நடுவில் இருப்பது பேப்பர் சுற்றிய வெறும் செம்பு எர்த் வயர். சரியாக நடுக்கோட்டில் கீறினால் கத்தி அந்தச் செம்பின் மேல்தான் ஓடும். கறுப்பும் வெள்ளையும் இரு பக்கமும் பத்திரமாக இருக்கும். அதனால் இதில் கொங்குக்காரர் வழியும் ஓடும். 14/3 (14 கேஜில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று வயரும் எர்த்தும்) வந்தால் கதையே வேறு. அது உருண்டை, உள்ளே வயர்கள் முறுக்கிக்கொண்டு போகும். நடுக்கோடு என்று ஒன்றே கிடையாது. கீறினால் சிவப்போ கறுப்போ மாட்டும். இரு வழிச் சுவிட்சுக்கு அதைத்தானே இழுப்பீர்கள்? அதைக் கட்டாயம் வெளியில் வைத்து, கத்தியை அழுத்தாமல் உரியுங்கள்.

கொங்குக்காரன்:
மூன்று வயர் கேபிளுக்கும் கத்தி எதற்கு? நுனியில் ஒரு அங்குலம் மட்டும் திறந்து, எர்த் வயரைப் பிளையரால் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் உறை முருங்கைக்காய் நார் மாதிரி கிழிந்துகொண்டே வரும்.

மதுரைக்காரி:
வரும், அண்ணா. பிளையர் பிடித்த இடத்தில் செம்பு நசுங்கியும் போகும். அந்த நுனியை வெட்டுவீர்களா, அப்படியே ஸ்குரூவில் மாட்டுவீர்களா?

கொங்குக்காரன்:
வெட்டுவேன். அதற்காகத்தான் நீளமாக விடுவது.

அடையாறு வாசகர்:
குறுக்கே வருகிறேன். எங்கள் ஊரில் பிவிசி பைப்புக்குள் ஒற்றை ஒற்றை வயராக இழுக்கிறோம். உரிக்க உறையே இல்லை!

டல்லாஸ் வயர்மேன்:
கொடுத்து வைத்தவர் நீங்கள். இங்கே மரச்சட்டச் சுவர், பைப் இல்லாமல் கேபிள்தான்.

எடிசன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. 12/2 எல்லாவற்றையும் உள்ளே இழுத்து ஸ்டேப்பிள் அடித்தபின், 14/3 மட்டும் வெளியில் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். ஒரு பெட்டியில் இரண்டு 12/2 வந்து ஒரு சாக்கெட் மாட்டினால், 18 கன அங்குலப் பெட்டி போதுமா?

மதுரைக்காரி:
போதும். விதிப்படி கறுப்பு, வெள்ளை நான்குக்கும் தலா 2.25 கன அங்குலம் வீதம் 9. எர்த் எல்லாம் சேர்த்து ஒன்றாக 2.25. சாக்கெட்டுக்கு இரட்டிப்பு, 4.5. மொத்தம் 15.75.

டல்லாஸ் வயர்மேன்:
கணக்கில் போதும், கையில் இறுக்கும். கொங்குக்காரர் பாணியில் மூன்று அங்குல உறையையும் உள்ளே விட்டால் இன்னும் இறுக்கும்.

கொங்குக்காரன்:
மூன்று அங்குலம் விடுவேன் என்று நான் எங்கே சொன்னேன்? அரை அங்குலம். கத்தி எட்டும், கை பழகினால்.