சிங்கப்பூர் எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே.பி. ஜெயரத்தினத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சிராங்கூன் நடையன்:

2004. சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையம், ராஃபிள்ஸ் சிட்டி பக்கம் ஏறும் வாசல். நொடித்துப்போன பிறகு அவர் தன் புத்தகத்தைத் தெருவில் விற்றுக்கொண்டு நிற்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த காட்சிதான். மதியச் சாப்பாட்டு நேரம். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், தகுதிகாண் காலம் முடியவில்லை. பக்கத்தில் என் மேலாளர், கூட இரண்டு பேர். ஜெயரத்தினம் அந்த வெயிலில் கோட்டோடு நிற்கிறார். ஒரு கையில் உயர்த்திப் பிடித்த புத்தகம், காலடியில் கனத்த பை.

நான் பணப்பையை எடுத்துவிட்டேன். பத்து வெள்ளி நோட்டு ஒன்றைப் பாதி இழுத்தும்விட்டேன். மேலாளர் என் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் நோட்டை உள்ளே தள்ளிவிட்டு, “சாப்பாட்டுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்தேன்” என்றேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்! நோட்டு வெளியே வந்ததையும் பார்த்தார் ஜெயரத்தினம், உள்ளே போனதையும் பார்த்தார். பிறகு அடுத்து வந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மேலாளரின் முகம்கூட இன்று நினைவில்லை. நோட்டு நினைவிருக்கிறது.

ஆர்ச்சர்ட் பாதசாரி:

அவர் நின்றது சிட்டி ஹாலில் இல்லை, ஆர்ச்சர்ட் சாலையில் சென்டர்பாயிண்ட் முன்னால். வெயிலில் நின்றார் என்பதும் மிகை. அங்கே நல்ல நிழல் உண்டு.

சிராங்கூன் நடையன்:

இரண்டு இடத்திலும் நின்றிருக்கலாம் ஐயா. நான் பார்த்தது சிட்டி ஹாலில்.

துறைமுகத்தான் மகன்:

நீங்கள் எல்லோரும் கடைசிக் காலத்து ஜெயரத்தினத்தை எழுதுகிறீர்கள். நான் பார்த்தவர் வேறு ஆள். ஆன்சன் தொகுதி, 1981. எனக்கு வயது 11.

ஆன்சன் உறுப்பினர் தேவன் நாயர் அதிபரானதால் வந்த இடைத்தேர்தல். அப்பாவுக்குத் துறைமுக வேலை, பிளேர் பிளெயினில் வேலையோடு வந்த வீடு. கொள்கலன் முனையத்தை விரிவாக்க இடம் வேண்டும், காலிசெய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ‘எங்கே போவது’ என்பதுதான் அந்த இரண்டு மாதமும் எங்கள் மாடி முழுக்கப் பேச்சு.

ஜெயரத்தினம் வீடு வீடாக ஏறி வந்த மாலை அம்மா ஆட்டுக்கல்லில் இருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தார். வலது கையில் முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை உளுந்து மாவு. அந்தக் கனத்த குரல் கீழ்மாடியிலேயே கேட்டுவிட்டது, ஆனால் கை கழுவ நேரம் இல்லை. வாசலில் நின்று கையை நீட்டிவிட்டார். காதோரம் இறங்கிய கிருதா, கோட்டு, கழுத்துப்பட்டை. அம்மா ஒரு கணம் விழித்துவிட்டு முழங்கையை நீட்டினார். அவர் அந்த முழங்கையைப் பிடித்து, ஏதோ தூதரகத்தில் நிற்பவர்போல, பக்குவமாகக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா வெட்கத்தில் அன்று இட்லி ஊற்றவே இல்லை.

வாக்களிப்பு அக்டோபர் 31, சனிக்கிழமை. அன்றிரவு அப்பா ஐந்து பொட்டலம் மீ கோரிங்கோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்த எங்களை எழுப்பி உட்கார வைத்தார். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. சம்பள நாளும் இல்லை. என்ன விசேஷம் என்று அம்மா கேட்டதற்கு, “பசித்தது” என்றார்.

653 வாக்கு வித்தியாசம். சுதந்திரத்துக்குப் பிறகு ஆளும் மக்கள் செயல் கட்சி தோற்ற முதல் தொகுதி. அப்பா யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2012-ல் போய்விட்டார். ஜெயரத்தினத்துக்கு விழுந்த 7,012-ல் அவர் ஒருவரா, ஆளுங்கட்சியின் பாங் கிம் ஹின்னுக்கு விழுந்த 6,359-ல் ஒருவரா? மூன்றாவதாக நின்ற ஹர்பன்ஸ் சிங்குக்கு விழுந்த 131-ல் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

வெள்ளைச் சட்டை:

உருகுவது போதும், கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 1972 ஃபேரர் பார்க், தோல்வி. 1976 கம்போங் சாய் சீ, தோல்வி. 1977 ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979 தெலுக் பிளாங்கா இடைத்தேர்தல், 1980-ல் மறுபடி அதே தெலுக் பிளாங்கா, மூன்றும் தோல்வி. பிறகு ஆன்சனில் இரண்டு வெற்றி. 1997-ல் செங் சான் குழுத்தொகுதியில் தோல்வி. எட்டு முறை நின்று இரண்டு முறை வென்றவர். வேறு எந்தத் தொழிலில் இதைச் சாதனை என்பார்கள்?

நான் 1997-ல் செங் சானில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு எண்ணிக்கை முகவர். அவரை நேரில் பார்த்ததே இல்லை, வாக்குச் சீட்டில்தான் பார்த்தேன். ஒன்பது மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஒரு பெட்டியைக் கவிழ்த்தார்கள். சுத்தியல், சுத்தியல், மின்னல், சுத்தியல். சுத்தியல் அவருடைய பாட்டாளிக் கட்சியின் சின்னம், மின்னல் எங்களுடையது. ரப்பர் வளையம் போட்ட கட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு வளர்ந்தன. எதிர்ப்பக்கத்து முகவர் ஒரு சீனப் பையன், இருபது வயது இருக்கும். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே பயம் என்று பட்டது. எனக்குத் தோற்றுவிடுவோமோ என்று. அவனுக்கு ஜெயித்துவிடுவோமோ என்று. நாங்கள் ஜெயித்தோம், அவர்களுக்கு 45.2 விழுக்காடு. அதிலும் பெரும்பங்கு அவர் அணியில் நின்ற டாங் லியாங் ஹோங்குக்காக வந்த கூட்டம். ஜெயரத்தினத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

துறைமுகத்தான் மகன்:

எட்டில் இரண்டு என்று கூட்டுகிறீர்களே, ஐந்து தோல்விக்குப் பிறகு ஆறாவது முறை நிற்க மனு கொடுக்கும் ஆளை உங்கள் கட்சியில் ஒருவரைக் காட்டுங்கள். அவர் வாங்கிய விழுக்காட்டையும் ஒளிக்காதீர்கள். 1977-ல் ராடின் மாஸில் 30-க்குச் சற்றுக் கீழே. அடுத்து தெலுக் பிளாங்காவில் 39-க்குப் பக்கம், 1980-ல் 47-க்குப் பக்கம், ஆன்சனில் 51.9, 1984-ல் 56.8. ஏறிக்கொண்டே போகிறது. அதன் பிறகு அவரை நிறுத்தியது வாக்காளர்களா? கட்சிக் கணக்கு வழக்கில் 1986-ல் ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம், பதவி போயிற்று. 1988 தேர்தலிலும் 1991 தேர்தலிலும் நிற்கத் தகுதி இல்லை. ஆன்சன் என்ற தொகுதியே 1988-ல் வரைபடத்தில் இல்லை. நான் பிறந்த தொகுதி ஐயா அது.

வெள்ளைச் சட்டை:

நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு நான் என்ன செய்வேன்?

துறைமுகத்தான் மகன்:

அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் நீதிமன்றம்தான். பறிபோன வழக்கறிஞர் உரிமையை 1988-ல் திருப்பிக் கொடுத்ததும், அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டது என்று எழுதியதும் அதுதான். அந்தத் தீர்ப்பையும் உங்கள் கணக்கில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங் டீச்சர்:

சண்டைக்கு நடுவே நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையது சின்னது.

2007 என்று நினைக்கிறேன், நொடித்துப்போன நிலையிலிருந்து அவர் விடுபட்டதாகச் செய்தி வந்த வருடம். இரவு எட்டரை மணி ரயில், வடக்கு நோக்கி. பள்ளித் தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பது வயதுக்கு மேல், தோளில் பை. கோட்டு அன்றும் இருந்தது. பெட்டியில் எல்லோருக்கும் அவரைத் தெரிகிறது, எல்லோரும் தங்கள் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து, “ஐயா, உட்காருங்கள்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். ஏன் தமிழில் என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று எப்போதோ படித்தது மனத்தில் இருந்திருக்கலாம்.

அந்தச் சொல்லுக்குச் சட்டென்று திரும்பினார். சிரித்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, என் மடியில் இருந்த தாள்களைக் காட்டி, நீ உட்கார் என்பதுபோல் கையமர்த்தினார். உட்கார்ந்துவிட்டேன். நொவீனா, தோ பாயோ, பிராடல். ஒவ்வொரு நிலையத்திலும் இன்னொரு முறை எழ வேண்டும் என்று நினைத்தேன். எழவில்லை. ஒரே ஒரு தாளைத் திருத்தினேன், அதிலும் கூட்டல் தவறு. அடுத்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி இறந்துபோனார். சீர்திருத்தக் கட்சி என்ற புதுக் கட்சியைத் தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

நூலகப் பூனை:

எனக்கும் ஒரு சந்திப்பு உண்டு: நீதிமன்ற நடைவழியில் எதிரே வந்தார், வணக்கம் சொன்னேன், வணக்கம் சொன்னார். முடிந்தது.

ஆனால் துறைமுகத்தான் மகனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வாய் திறக்காததில் மர்மம் தேடாதீர்கள். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு வாக்குச் சீட்டில் அச்சிட்ட வரிசை எண்ணைக் கண்டால் பயம். யாருக்குப் போட்டோம் என்று எங்கேயோ ஒருவர் குறித்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கை. உண்மை வேறு: எண்ணி முடிந்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு எரித்துவிடுகிறார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் பிரிக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு பேச்சுக் கொடுங்கள். ‘யாருக்குப் போட்டீர்கள்’ என்று கேட்கவே கேட்காதீர்கள், வாய் மூடிக்கொள்ளும். ‘அன்றைக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நின்றீர்கள், என்ன சட்டை’ என்று தொடங்குங்கள். சட்டையில் தொடங்கினால் எல்லாம் வரும்.

இரண்டாவது, வருடங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். விக்டோரியா தெரு தேசிய நூலகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் நுண்படச் சுருளில் இருக்கின்றன, பல ஆண்டுகளை இணையத்திலேயே பார்க்கலாம். 1981 நவம்பர் முதல் வாரத்தை ஒரு முறை புரட்டுங்கள். நாம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதைக்கும் அன்று அச்சான செய்திக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். சுருளை எந்திரத்தில் மாட்டும்போது இடப்பக்கம் இருந்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் தலைகீழாக ஓடும். குளிர்ச் சட்டை எடுத்துச் செல்லுங்கள். மதியத்துக்கு முன் போனால் எந்திரம் கிடைக்கும்.

மூன்றாவது, ‘எட்டில் இரண்டு’ என்று எழுதியவருக்கு. 1997-ல் தோற்ற பிறகும் அதிக வாக்கு வாங்கித் தோற்றவர் என்ற முறையில் அவர் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினராக உள்ளே போனார். 2001-ல் அவதூறு வழக்கின் இழப்பீட்டுத் தவணை தவறி நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்ட பிறகே அந்த இடமும் போனது. ஆகவே ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று இரண்டே கட்டம் போட்டால் அவர் கணக்கு அடங்காது. மூன்றாவது கட்டம் வேண்டும்.

துறைமுகத்தான் மகன்:

நான் ஆலோசனை கேட்கவில்லை. அப்பா போய்ப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் அந்தச் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. நீலக் கட்டம். பை கிழிந்தது.

வெள்ளைச் சட்டை:

இடப்பக்கம் மாட்டினாலும் தலைகீழாகத்தான் ஓடுகிறது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். செங் சான் முடிவைத் தேடித்தான் போனேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆர்ச்சர்ட் பாதசாரி:

சென்டர்பாயிண்ட் என்று எனக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகம் அந்த வரிசையில்தான். அவர் நிற்கும் நாள்களில் நான் முன்கூட்டியே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அரசாங்க வேலை, வேறு காரணம் வேண்டாம். ஆர்ச்சர்ட் சாலை அங்கே அகலம், கடக்கும் விளக்கில் பச்சை மனிதன் வர வெகுநேரம் ஆகும். அதுவரை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புத்தகம் வேண்டுமா என்று அவர் மற்றவர்களைக் கேட்பது நன்றாகக் கேட்கும்.

நிழல் இருந்தது என்று எழுதினேனே, அது என் பக்கத்து நிழல். அவர் பக்கம் எப்படி இருந்தது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.