கோத்தகிரியில் நண்பகலில் துவளும் ஹைட்ரேஞ்சியா, முளைக்காத கேரட்: கோடைப் பராமரிப்பு பற்றி ஒரு கேள்வி

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் 30 ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, சென்ற ஆவணியில் கோத்தகிரிக்கு அருகே மகள் வீட்டோடு வந்து சேர்ந்தேன். வீட்டின் பின்புறச் சரிவில் மூன்று படிமட்டங்களாகத் தோட்டம் இருக்கிறது. மேல்மட்டத்தில் 6 ஹைட்ரேஞ்சியாச் செடிகளும் சில ரோஜாக்களும், நடுமட்டத்தில் காய்கறிப் பாத்திகளும், கீழ்மட்டத்தில் கிக்குயு புல்தரையும் ஒரு பேரிக்காய் மரமும் உள்ளன. மழைக்காலம் முழுவதும் நான் எதுவும் செய்யாமலேயே எல்லாம் செழித்து நின்றன. தை மாதத்தோடு மழை ஓய்ந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து தோட்டம் என் கண்ணெதிரே வாடிக்கொண்டிருக்கிறது.

ஹைட்ரேஞ்சியா இலைகள் காலையில் நிமிர்ந்து நிற்கின்றன. 11 மணிக்கு மேல் கொடியில் போட்ட ஈரத்துணியைப் போலத் தொங்கிவிடுகின்றன. பார்க்கப் பொறுக்காமல் அப்போதே ஒரு குடம் ஊற்றுகிறேன், மாலையில் இன்னொரு குடம் ஊற்றுகிறேன். அப்படியும் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. கேரட் விதையை இரண்டு முறை தூவினேன். இரண்டு முறையும் பாத்தி முழுவதற்குமாகப் பத்துப் பன்னிரண்டு முளைகள்தான் வந்தன. ரோஜா இலைகள் சாம்பல் தூவியது போல வெளிறிக்கிடக்கின்றன. உரக்கடையில் விசாரித்ததில் யூரியா போடச் சொன்னார்கள். செடிக்கு ஒரு பிடி போட்டேன், ஒரு வாரத்தில் இலை ஓரங்கள் கருகின.

குழாயில் 5 நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. இரண்டு டிரம்களில் பிடித்து வைக்கிறேன். ஈரோட்டு வெயிலை நினைத்தால் இங்கே அடிப்பது வெயிலே இல்லை. அங்கே இருவேளைத் தண்ணீரில் மல்லிகையும் செம்பருத்தியும் தழைத்தன. குளிர்ந்த ஊரில் செடிகள் ஏன் இப்படித் துவள்கின்றன என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (குன்னூர், நாற்றுப் பண்ணையில் 18 ஆண்டுகளாகப் பணி)

வணக்கம் அம்மா. சமவெளியிலிருந்து மலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் கோடையில் இந்தக் குழப்பம் வருகிறது. நீங்கள் காற்றின் சூட்டை வைத்துக் கோடையை அளக்கிறீர்கள். இங்கே செடியை வாட்டுவது காற்றின் சூடு அன்று, வெயிலின் உறைப்பும் காற்றின் வறட்சியும்தான். உதகையில் ஏப்ரல், மே மாதங்களில்கூட வெப்பம் வழக்கமாக 22, 23 டிகிரியைத்தான் தொடும். 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி பதிவானபோது அது செய்தித்தாள்களில் பெரிய செய்தியாக வந்தது. ஆனால் உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வலிமை ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. நிழலில் நின்றால் சால்வை தேடுகிறோம், வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கழுத்து எரிகிறது. செடிக்கு ஓடிப்போய் நிழலில் நிற்க வழியில்லை.

ஹைட்ரேஞ்சியாவின் இலை அகலமானது, மெல்லியது; வேரோ மேலாகப் படர்வது. நண்பகலில் இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆகவே மண்ணில் போதிய ஈரம் இருக்கும்போதுகூட அது தொங்கும். மாலை 5 மணிக்குத் தானாக நிமிரும். துவண்ட இலையைப் பார்த்ததும் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஜில்லென்று ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை. மறுநாள் விடியற்காலையிலும் இலை தொங்கியபடியே இருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் மட்டும் அது உண்மையான தாகம். நீங்கள் சொல்லும் மஞ்சள் இலைகள், வேர் நீரில் மூழ்கி மூச்சுத் திணறுவதன் அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது.

என் அனுபவத்தில், வேரூன்றிய ஒரு செடிக்கு 3 நாட்களுக்கு ஒருமுறை, காலை 8 மணிக்குள், ஒரு 10 லிட்டர் வாளித் தண்ணீர் போதும். அதை மொத்தமாகச் சாய்க்காமல் மூன்று தவணையாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள். உங்கள் நிலம் சரிவு என்பதால் செடியைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டினால் தண்ணீர் கீழ்ப்புறமாக உடைத்துக்கொண்டு போய்விடும். செடியின் கீழ்ப்புறம் பிறை வடிவில் ஒரு சாண் உயரக் கரை எழுப்பி, அதன் இரு முனைகளும் மேட்டை நோக்கி ஏறும்படி அமைத்தால், மேலிருந்து வரும் ஒவ்வொரு சொட்டும் வேரிடம் வந்து நிற்கும். அதன்மேல் 3 அங்குலம் மூடாக்கு போடுங்கள். சில்வர் ஓக் சருகு இங்கே எங்கும் கிடைக்கிறது; தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

மேற்குப் பக்கம் நான்கு கம்பு நட்டு 50 சதவீத நிழல் வலை கட்டுவது நல்லது. காலை வெயில் அதற்கு வேண்டும், பிற்பகல் வெயில்தான் ஆகாது. ஆனியில் மூடுபனியும் தூறலும் தொடங்கியதும் வலையைக் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வாடிய கிளை என்று எதையும் இப்போது வெட்டிவிடவும் வேண்டாம். சென்ற ஆண்டு வளர்ந்த கிளையின் நுனியில்தான் இந்த ஆண்டுப் பூ இருக்கிறது.

மறுமொழி 2 (கேத்தி, காய்கறி விவசாயி)

கேரட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன் அம்மா. எங்கள் பக்கம் மூன்று போகங்கள். தையில் தொடங்குவது நீர்போகம், கோடை மழையோடு சித்திரையில் விதைப்பது கார்போகம், ஆவணி வாக்கில் வருவது கடைபோகம். பெயருக்கு ஏற்றபடி, நீர்போகம் ஓடைத் தண்ணீரோ கிணறோ வைத்திருப்பவர்களுக்கு உரியது. 5 நாட்களுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் பிடிக்கும் நீங்கள் பங்குனியில் கேரட் விதைத்தது காலம் தப்பிய விதைப்பு; விதையின் மேல் குற்றமில்லை.

கேரட் விதை முளைக்க 10 முதல் 15 நாட்கள் எடுத்துக்கொள்ளும். அரை அங்குல ஆழத்துக்கு மேல் அதைப் புதைக்க முடியாது. அந்த மேல் அரை அங்குல மண் ஒரே ஒரு பிற்பகல் முழுதாகக் காய்ந்தாலும், வாய் திறந்த விதை செத்துப்போகும். நம் செம்மண் காய்ந்தால் மேலே ஏடு கட்டிக்கொள்ளும். கேரட் முளை நூல் போன்றது, அந்த ஏட்டைத் துளைத்து வர அதற்கு வலுவில்லை. உங்கள் பாத்தியில் நடந்தது இதுதான்.

மறுபடி விதைக்க விரும்பினால் முதல் கோடை மழை மண்ணை நன்றாக நனைக்கும் வரை பொறுத்திருங்கள். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, கட்டிகளை உடைத்து, மட்கிய எருவை மட்டும் கலந்து, விதையை வரிசையாகத் தூவி, நீரில் நனைத்த சணல் சாக்கை மேலே விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காலையும் மாலையும் சாக்கின் மேலேயே பூவாளியால் தெளித்தால் போதும், ஏடு கட்டாது, விதையும் அடித்துப்போகாது. எட்டாம் நாளிலிருந்து தினமும் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பச்சை நூல் தெரிந்த அன்றே மாலையில் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை சாக்கு இழையில் மாட்டிக்கொண்டு, எடுக்கும்போது வேரோடு வந்துவிடும். என் மனைவி இந்த ஒரு வேலையை வேறு யாரிடமும் விடமாட்டாள். செடி மூன்று விரல் உயரம் வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். தண்ணீரில் ஏற்றத்தாழ்வு வேண்டாம். பத்து நாள் காயவிட்டுப் பிறகு நிறையப் பாய்ச்சினால் கிழங்கு நெடுக வெடிக்கும்.

யூரியா விஷயத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறான யோசனை. காய்ந்த மண்ணில் உப்பு உரம் விழுந்தால், செடி மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உரம் வேரிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஓரம் கருகியது. மழை பெய்து, புதுத் துளிர் விடும் வரை எந்த உரமும் போடாதீர்கள். புல்தரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். கிக்குயு மேலே பழுத்துப்போனாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு சாவதில்லை. இரண்டு மழையில் பச்சையாகிவிடும்.

மறுமொழி 3 (கொடைக்கானல், வீட்டுத் தோட்டம்)

பழனிமலையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் மாசி, பங்குனி இப்படித்தான் கழிகிறது. நீங்கள் அங்கே மேரக்காய் என்று சொல்லும் சௌசௌ கொடிகூட எங்கள் பந்தலில் இந்த மாதத்தில் சுருண்டு கிடக்கிறது.

உங்கள் ரோஜாவுக்கு வந்திருப்பது உரக் குறையாக இருக்காது, சிவப்புச் சிலந்திப் பேனாக இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை இலையின் கீழே பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெதுவாக நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். விரலால் தாளைத் தேய்த்தால் செங்கல் நிறத்தில் கோடு விழும். வறண்ட காற்றில்தான் இது பெருகும், ஈரத்தை இதற்குப் பிடிக்காது. மிக மோசமான இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மற்றவற்றின் அடிப்பக்கத்தைக் காலை வேளையில் வேகமான நீரால் கழுவுங்கள். முட்டைகள் பொரித்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை கழுவி நிறுத்தக் கூடாது. 3 நாட்களுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம் தொடர வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். நடுப்பகலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும்.

குன்னூர் நண்பர் காலையில்தான் ஊற்ற வேண்டும் என்கிறார். இலை நனையும்படி ஊற்றுவதானால் நானும் அதையே சொல்வேன், ஏனென்றால் மலையின் இரவுக் குளிரில் நனைந்த இலை விடியும் வரை காயாது. ஆனால் வேருக்கு மட்டும் போகும்படி ஊற்ற முடிந்தால், சித்திரை வைகாசியில் மாலைத் தண்ணீர் வீணாவதே இல்லை என்பது என் கருத்து. அதற்காக நான் மண்பானைகளைப் புதைத்து வைத்திருக்கிறேன். மெருகு பூசாத சிறிய பானையைக் கழுத்து வரை மண்ணில் இறக்கி, நீர் நிரப்பி, ஓட்டுத் துண்டால் மூடிவிட்டால், மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும். 4 லிட்டர் பானை என் மண்ணில் 3 நாட்களுக்கு வருகிறது. சமவெளியில் சிலர் குடிநீர்ப் பாட்டில்களில் ஓட்டை போட்டு இதைச் செய்வார்கள். உங்கள் மாவட்டத்திலும் எங்கள் மலையிலும் அந்தப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் பானையே நமக்கு ஏற்றது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை விரலை விட்டுப் பார்த்தேன். ஹைட்ரேஞ்சியா அடியில் மண் சேறாகவே இருந்தது. தாகமென்று நினைத்து நான்தான் அதை மூழ்கடித்திருக்கிறேன். வெள்ளைத் தாளிலும் புள்ளிகள் நகர்ந்தன. இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. எங்கள் எல்லையில் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் இருப்பதால் அந்தச் சருகுதான் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதை மூடாக்காகப் போடலாமா? பாத்திரம் கழுவிய நீரைச் செடிகளுக்கு விடலாமா? சென்ற வாரம் இரவில் காட்டெருமை ஒன்று வந்து டிரம்மைக் கவிழ்த்துவிட்டது, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி 4 (குன்னூர், முதலில் எழுதியவர்)

கற்பூரச் சருகைப் பச்சையாகவோ புதிதாகவோ போடாதீர்கள். அதன் எண்ணெயும் சாறும் இளம் நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். தவிர அது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள், இந்த மாதங்களில் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவித்து வைக்கவே கூடாது. கூட்டி அள்ளித் தொலைவில் குழியில் மட்க விடுங்கள், எரிக்க வேண்டாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக விடலாம். சோப்பு கலந்த நீரை ஹைட்ரேஞ்சியாவுக்கு மட்டும் விடாதீர்கள். நம் மண்ணின் புளிப்பினால்தான் அதன் பூ நீலமாக இருக்கிறது. சோப்பு நீரும் அடுப்புச் சாம்பலும் அந்தப் புளிப்பை முறித்து, நீலத்தை வெளிறிய இளஞ்சிவப்பாக மாற்றிவிடும். சோப்பு நீரைப் பேரிக்காய் மரத்துக்கு, அடிமரத்திலிருந்து தள்ளி, இடம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

காட்டெருமை தண்ணீர் வாடைக்குத்தான் வருகிறது. டிரம்களை இறுக மூடி, சுவருக்கும் படிக்கட்டுக்கும் இடையில் மாற்றி வையுங்கள். அது வந்து நிற்கும்போது விரட்ட வெளியே இறங்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு போகும் வரை காத்திருங்கள். காய் முற்றும் காலத்தில் பேரிக்காய்க்குக் கரடியும் வரும், அதனால் உதிர்ந்த காய்களை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும்.

சேறாக இருக்கும் அந்த மேல்மட்டத்துக்கு இனி ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கமாகத் தோட்ட முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி அசைத்துவிடுங்கள், மண்ணுக்குள் காற்றுப் புகும். பிறைக்கரையை மண் காய்ந்த பிறகு கட்டிக்கொள்ளலாம்.