செமஸ்டரின் நடுவில் குழுத் திட்டப்பணியின் தலைப்பை மாற்றலாமா?

கொருக்குப்பேட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். அனல்மின் நிலையச் சாம்பலால் எண்ணூர் கழிமுகத்து நீரில் கலந்திருக்கக்கூடிய ஈயம், குரோமியம் ஆகியவற்றின் அளவைக் கண்டறிவது என்ற தலைப்பைத் துறையில் பதிவு செய்து, முதல் ரிவ்யூவையும் முடித்துவிட்டோம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் முகத்துவாரம், காட்டுக்குப்பம், சடையன்குப்பம், அத்திப்பட்டு புதுநகர்ப் பக்கம் என்று பல இடங்களில் நீர் மாதிரி எடுத்து, பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் ஆகியவற்றை அங்கேயே அளந்து குறித்துக்கொண்டோம். உலோகச் சோதனைக்கான பாட்டில்களில் மட்டும் நைட்ரிக் அமிலம் சேர்த்து ஆய்வகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

இப்போது வந்திருக்கும் சிக்கல் இதுதான். உலோகங்களின் அளவைக் காட்டும் கல்லூரியின் ஏ.ஏ.எஸ். (அணு உட்கவர் நிறமாலைமானி) கருவியில், ஈயத்தை அளக்கத் தேவையான விளக்கு பழுதாகிவிட்டது. புதிய விளக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளி ஆய்வகங்களில் ஒவ்வொரு மாதிரிக்கும், ஒவ்வொரு உலோகத்திற்கும் தனித்தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள். ஐந்து பேரும் பங்கிட்டாலும் அது எங்கள் கைக்கு எட்டாத தொகை. ஆகவே குழுவில் இருவர், இந்தத் தலைப்பையே விட்டுவிட்டு, மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு திருவொற்றியூர்ப் பகுதி மக்கள் நிலையத்துக்கு எப்படி வந்து போகிறார்கள் என்று கூகுள் ஃபார்ம் மூலம் கணக்கெடுக்கலாம் என்கிறார்கள். இலக்கிய ஆய்வு முழுவதையும் எழுதிய நானும் என் தோழியும் இதை ஏற்கவில்லை. ஐந்தாமவர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறார். எங்கள் கைடு, “நீங்களே பேசி முடிவு செய்துகொண்டு, இரண்டாம் ரிவ்யூவுக்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலையில் தலைப்பை மாற்றினால் உள்மதிப்பீட்டில் குறையுமா? இதுவரை செய்த வேலை வீண்தானா? இதே போன்ற நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மணலி ஆய்வகத்தான்:

நீர்ப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் வேலை செய்பவன் என்ற முறையில், மாதிரிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பி.எச். அளவு 2-க்குக் கீழே வரும்படி நைட்ரிக் அமிலம் சேர்த்திருந்தால், ஈயம், குரோமியம் போன்றவற்றுக்கான மாதிரியை ஆறு மாதங்கள் வரை வைத்திருக்கலாம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறை. ஆகவே அந்தப் பாட்டில்களை இப்போதே கொட்டிவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மூடியைத் திறந்து ஒரு துளியைப் பி.எச். தாளில் வைத்துப் பார்த்து, அமிலத்தன்மை போதுமான அளவில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் விளக்கு நாளைக்கே வந்துவிட்டாலும் உங்கள் தலைப்பு நீங்கள் எதிர்பார்க்கும் விடையைத் தருமா என்பது எனக்குச் சந்தேகமே. கழிமுக நீரில் கரைந்திருக்கும் ஈயம் பெரும்பாலும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். சுடர் முறையில் இயங்கும் சாதாரண ஏ.ஏ.எஸ். கருவி அவ்வளவு சிறிய அளவை நம்பகமாகக் காட்டாது. அதோடு நீரில் உள்ள உப்பே அளவீட்டில் குறுக்கிடும். கடைசியில் எல்லாக் கட்டங்களிலும் “கண்டறியப்படவில்லை” என்று எழுதிய ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, எண்ணூரில் மாசே இல்லை என்று சொல்வதைப் போல ஆகிவிடும். சாம்பலின் உலோகங்களைத் தேட வேண்டுமானால் நீரை விட அடிச் சேற்றில் தேடுவதே முறை. அங்கே அளவு கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். அதற்கு ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையில்) செரித்தெடுக்க வேண்டும், புகை வெளியேற்றும் கூண்டு வேண்டும், விளக்கும் வேண்டும். ஆகவே இந்த செமஸ்டருக்குள் அது நடக்கும் வேலை இல்லை.

உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் மின்கடத்துதிறன் அளவுகளைத்தான் நான் மதிப்புள்ளவையாகப் பார்க்கிறேன். நீரில் உப்பு கூடக் கூட மின்கடத்துதிறனும் கூடும் என்பதால், அதைக் கொண்டே உவர்ப்பை அறியலாம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்திலிருந்து மேலே வல்லூர் அணைக்கட்டுப் பக்கம் போகப் போக உவர்ப்பு எப்படிக் குறைகிறது, ஓதம் (கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போதும் வற்றும்போதும் அது எவ்வளவு மாறுகிறது, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு உங்கள் கல்லூரிக் கருவிகளே போதும். மழைக்கு முந்தைய அளவு உங்களிடம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த அளவை இந்த ஆண்டு வேறு யாராலும் எடுக்க முடியாது. அதை விட்டுவிட்டு மெட்ரோவுக்குப் போவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். (நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும்) மீட்டரைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் பல லிட்டருக்கு 9,990 மில்லிகிராமுக்கு மேல் காட்டுவதில்லை, கடல்நீரில் கரைந்த உப்போ லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம். அடுத்தது, குளோரைடை வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) அளப்பதானால் மாதிரியை முதலில் நூறு மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். கடல்நீரில் குளோரைடு மட்டுமே லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். நீர்க்கச் செய்யாமல் அளந்தால், முடிவைக் காட்டும் செங்கல் நிறம் வருவதற்குள் பியூரெட்டை நிரப்பி நிரப்பி வெள்ளி நைட்ரேட்டே தீர்ந்துபோகும், பிறகு லேப் அசிஸ்டென்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ராயபுரம் பழைய மாணவன்:

மேலே எழுதியவர் மெட்ரோ தலைப்பை அடியோடு தள்ளிவிட்டார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் படித்த காலத்தில் எங்கள் குழு முதல் ரிவ்யூவுக்குப் பிறகு கான்கிரீட் தலைப்பு ஒன்றை விட்டுவிட்டுப் போக்குவரத்துத் தலைப்புக்கு மாறியது. யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை. மாற்றியது ஏன் என்பதைச் சொல்ல முடியாமல் விழிப்பவர்களைத்தான் தேர்வாளர் விட மாட்டார். கருவி பழுது என்பது எவரும் ஏற்கக்கூடிய காரணம்.

அதே சமயம், உங்கள் தோழர்கள் இருவரும் அந்தத் தலைப்பை எளிது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அது கவலைக்குரியது. கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டால் நிரப்புகிறவர்கள் உங்கள் வகுப்புத் தோழர்களும் அவர்களின் தோழர்களுமாகத்தான் இருப்பார்கள். காலடிப்பேட்டையிலும் திருவொற்றியூர் தேரடியிலும் காலை ஆறு மணிக்கே கூடையோடு கிளம்பும் பெண்களோ, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் பெரியவர்களோ அந்தப் படிவத்தைக் காணவே மாட்டார்கள். உண்மையாகச் செய்வதென்றால் நிலைய வாசலுக்கு வெளியே நின்று, வருகிறவர்களில் பத்தாமவரை நிறுத்தி, எங்கிருந்து வந்தீர்கள், எதில் வந்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டு, காலை, மாலை, ஞாயிறு என்று பிரித்து எழுத வேண்டும். நிலைய வளாகத்துக்குள் கேட்பதற்கு அனுமதிக் கடிதமும் தேவைப்படும். அந்தக் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் செமஸ்டர் பாதி போய்விடும். 2021-இல் இந்த நீட்டிப்பு திறக்கப்படுவதற்கு முன்னால் மக்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்று ஒப்பிட உங்களிடம் எந்த அளவும் இல்லை என்பதையும் யோசியுங்கள். தலைப்பு நல்லதுதான், அதற்குரிய உழைப்பு நீர் மாதிரி எடுப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்பதை அந்த இருவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை மாணவி:

விரிவான பதில்களுக்கு இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்வகத்தில் வேலை செய்யும் அண்ணன் சொன்னதைக் குழுவில் எல்லோரும் படித்தோம்; உவர்ப்பு பற்றிய யோசனை ஐந்தாமவருக்கும் பிடித்திருக்கிறது. மெட்ரோவைச் சொன்ன இருவரில் ஒருவர் சம்மதித்துவிட்டார். மற்றவரோ, “சாம்பல் என்ற சொல் தலைப்பிலிருந்து போய்விட்டால் இதுவும் புதிய தலைப்புதான், அப்படியானால் என் தலைப்புக்கு மாறினால் மட்டும் என்ன குறை?” என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. நாங்கள் எழுதிய இலக்கிய ஆய்வில் பெரும்பகுதி கன உலோகங்களைப் பற்றியதாயிற்றே, அதை என்ன செய்வது?

பெரம்பூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, முதலில் அந்த மாணவரின் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லுங்கள். ஆம், இதுவும் தலைப்பு மாற்றம்தான்; அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் இடம் அதே இடம், மாதிரிப் புள்ளிகள் அதே புள்ளிகள், களக் குறிப்பேடும் அதே குறிப்பேடு. முதல் ரிவ்யூவில் காட்டிய வரைபடத்தையே இரண்டாம் ரிவ்யூவிலும் காட்டலாம். மெட்ரோவுக்குப் போனால் இவற்றில் ஒன்றுகூட உடன் வராது. வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் எட்டு வாரமே மீதமுள்ள நிலையில் இது பெரிய வேறுபாடு.

இலக்கிய ஆய்வை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தலையில் புதிய தலைப்பை ஒட்டாதீர்கள். வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். கன உலோகப் பகுதியை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கி, ஆய்வுப் பகுதியின் பின்னணியாக வையுங்கள். சாம்பல் படிந்து கழிமுகத்தின் ஆழம் குறைந்திருப்பதாக மீனவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இது குறித்து வழக்குகள் நடந்து, நிபுணர் குழு அறிக்கைகளும் வந்திருக்கின்றன. ஆழம் குறைந்தால் ஓத நீர் உள்ளே ஏறுவதும் மாறும் என்பதால், சாம்பலுக்கும் உவர்ப்புக்கும் உள்ள தொடர்பு நீங்கள் வலிந்து உண்டாக்கியதாக இருக்காது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியது பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் உள்ளன; புதிதாகப் படிக்க வேண்டியவை அவையே. எழுதியவர்கள் நீங்கள் இருவர் என்பதால், சுருக்கும் வேலையையும் நீங்களே செய்வதுதான் சரி. உலோகப் பாட்டில்களை அடுத்த செமஸ்டரின் இரண்டாம் கட்டத்துக்கென்று துறையில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். விளக்கு வந்தால் குரோமியம், ஈயம் இரண்டையும் ஒரு முயற்சியாகப் பார்க்கலாம், வராவிட்டால் நட்டமில்லை.

நடைமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்றாலும், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். பழைய தலைப்பு, புதிய தலைப்பு, மாற்றத்துக்கான காரணம், இதுவரை முடிந்த பணி, இனிச் செய்யப் போகும் பணி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஐந்து பேரும் கையெழுத்திட்டு, கைடின் கையொப்பமும் துறைத்தலைவரின் ஒப்புதலும் பெற்று, நகலை அறிக்கையின் பின்னிணைப்பில் சேருங்கள். அந்தக் கடிதத்திலேயே யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்றும் எழுதிவிடுங்கள். மெட்ரோவைக் கேட்ட மாணவருக்குக் கணக்கெடுப்பில் ஆர்வம் இருப்பது தெரிகிறது. கழிமுகத்தில் தொழில் செய்யும் மீனவர்களிடம் நீரின் உவர்ப்பும் ஆழமும் எந்த மாதங்களில் எப்படி மாறுகின்றன என்று நேர்காணல் செய்து, உங்கள் அளவுகளோடு ஒப்பிடும் பகுதியை அவரிடம் கொடுங்கள். தோற்றுப் போனவராக அவர் குழுவில் உட்கார்ந்திருந்தால் கடைசி மாதத்தில் அறிக்கை அச்சாகும் நேரத்தில் அதன் விலை தெரியும். இது நான் பல குழுக்களில் பார்த்தது.

எண்ணூர்க்காரன்:

அந்த நேர்காணலுக்கு வரும் தம்பிக்கும், மாதிரி எடுக்க வருகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஓதம் இங்கே நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு என்று வைத்துக்கொண்டு வந்தால் ஒரு வாரம் ஏற்றத்திலும் மறுவாரம் வற்றத்திலும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். பழைய மாதிரிகளுக்கும் எடுத்த மணி குறிப்பேட்டில் இருந்தால், அட்டவணையை வைத்து அது ஏற்றமா வற்றமா என்று இப்போதும் கண்டுபிடித்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம் என்பதால் தேதியின் பக்கத்தில் திதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். வாய் அடைத்துக்கொண்டால் கடல்நீர் வரத்தே மாறிவிடும். அப்போது எடுத்த எண்ணுக்கு அர்த்தமே வேறு. படகு வேண்டுமானால் கூலியை முந்தின நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வலைக்குப் போகிறவர்களை நிறுத்திக் கேட்காமல், அவர்கள் திரும்பி வந்து மீனை ஏலத்துக்குக் கொடுத்த பிறகு பேசினால் நிதானமாகப் பதில் சொல்வார்கள். மழை பிடித்து, மேலே ஏரிகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாள்களில் மட்டும் ஆற்றில் இறங்க வேண்டாம். பாலத்தின் மேலிருந்து கயிற்றில் வாளியை விட்டு எடுங்கள்.