குட் முற்றுகை: பாக்தாத் அருகே வரை போன படை ஏன் திரும்பியது?

கேள்வி: முதல் உலகப் போரில், 1915 நவம்பரில் பாக்தாத்தை நெருங்கிய பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்டின் படை, இன்றைய இராக்கில் உள்ள குட் ஊரில் துருக்கியரிடம் அடைபட்டது எப்படி?

பதில்: டைகிரிஸ் ஆற்றில் படகுகள் போதவில்லை. இருந்ததோ ஒரே டிவிஷன் (பெரிய படைப்பிரிவு), பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். பாக்தாத் அருகே டெசிஃபோனில் நடந்த சண்டையில் மட்டும் சுமார் 4,600 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். டவுன்ஷெண்டே தயங்கினார்; மேலதிகாரி நிக்சன்தான் போகச் சொன்னார்.

இன்னொருவர்: அங்கிருந்து பின்வாங்கி குட் வந்த படையைத் துருக்கியர் சூழ்ந்தார்கள்; டிசம்பர் 7 முதல் சுமார் 145 நாள் முற்றுகை. சாப்பாட்டுக்குக் குதிரைகளை அறுத்தார்கள், மத நம்பிக்கையால் பல சிப்பாய்கள் அந்த இறைச்சியை நெடுநாள் தொடவே இல்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கேட்டவர்: சரி, அப்புறம்?

இன்னொருவர்: 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். சிப்பாய்களைப் பாலைவனத்தில் நடத்தியே கொண்டுபோனார்கள், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். டவுன்ஷெண்டோ இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியாக இருந்தார். அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.