பழைய கணினிக்குச் செலவு செய்தால் வேகம் கண்ணுக்குத் தெரியுமா?

கேள்வி (ரோஸ்ஹில், மொரீஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். நான் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். என் வீட்டு மேசைக்கணினி 2014இல் வாங்கியது. இன்டெல் ஐ5-4570 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. பயிற்சித்தாள் தயாரிக்க வேர்டையும் நான்கைந்து குரோம் பக்கங்களையும் சேர்த்துத் திறந்தால், தட்டிய எழுத்து சற்றுப் பொறுத்துத்தான் தோன்றுகிறது. தைப்பூசக் காவடியன்று கைப்பேசியில் எடுத்த காட்சிகளைக் கோவிலுக்காகத் தொகுக்க முயன்றபோது படம் விட்டுவிட்டு ஓடியது. பிராசஸரை ஐ7-4770 ஆக மாற்றி, ஒரு கிராபிக்ஸ் கார்டும் பொருத்தினால் போதும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் வித்தியாசம் எனக்கே தெரியுமா?

பதில் (கத்ர்போர்ன்)

வணக்கம் ஐயா. எதையும் வாங்குவதற்கு முன், கணினி எந்த உறுப்புக்காகக் காத்திருக்கிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். வழக்கம்போல் வேர்டையும் குரோமையும் திறந்து வைத்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேகம் குறையும் அந்த நேரத்தில் பிராசஸர், ரேம், டிஸ்க் ஆகியவற்றின் விழுக்காடு என்ன, டிஸ்க் நொடிக்கு எத்தனை எம்பி படிக்கிறது என்று குறித்து அனுப்புங்கள்.

கேட்டவர்

பார்த்தேன். பிராசஸர் 20 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. ரேம் 93. டிஸ்க் 100 விழுக்காடு என்று சிவந்து நிற்கிறது, ஆனால் படிப்பதோ நொடிக்கு 2 எம்பிகூட இல்லை. இது எனக்கு முரணாகத் தோன்றுகிறது.

பதில் (கத்ர்போர்ன்)

அந்த முரணில்தான் விடை இருக்கிறது ஐயா. ஹார்ட் டிஸ்க் நிமிடத்திற்கு 7200 முறை சுற்றுகிறது என்று கொண்டால், தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகும். முனை நகர்ந்து அந்தத் தடத்தை அடையும் நேரத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை போலத்தான் அதனால் எடுத்துத் தர முடியும். அதன் உழைப்பெல்லாம் தேடுவதிலேயே போய்விடுவதால், முழு நேரமும் வேலையாக இருந்தும் 2 எம்பியைத் தாண்டவில்லை. போதாக்குறைக்கு, ரேமில் இடமில்லாதவற்றை விண்டோஸ் அதே டிஸ்க்கில் எழுதி வைத்துத் திரும்ப எடுக்கிறது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தில் சுற்றும் பகுதியே இல்லை. இத்தகைய சிறு வாசிப்புகளை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். அதில் பழைய இணைப்பு முறையான சாட்டா வகையையே வாங்குங்கள். உங்கள் காலத்து மதர்போர்டுகளில் என்விஎம்இ என்ற புதிய வகைக்கான இடம் பொதுவாக இருக்காது. ரேமை 8 ஜிபி ஆக்கினால் எழுத்து தாமதிப்பதும் நின்றுவிடும்.

கடைக்காரர் சொன்ன ஐ7-4770க்கும் அதே நான்கு கோர்கள்தாம் (கணக்கிடும் அலகுகள்). உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.9 ஆகிறது, அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடு. உங்கள் பிராசஸர் ஐந்தில் நான்கு பங்கு சும்மா இருக்கும்போது, அதைவிட வேகமான ஒன்று வந்தும் சும்மாதான் இருக்கப் போகிறது. தொகுத்த வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் அதன் எட்டு இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) ஓரளவு உதவும்.

பதில் (கியூர்பிப்)

மேலே உள்ளவர் சொல்வது சரிதான், ஆயினும் ரேம் வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸரிலிருந்துதான் ஏற்கிறது, உங்களுடையது நான்காம் தலைமுறை. எங்கள் ஊரின் ஈரத்தில் பத்தாண்டு கடந்த மதர்போர்டை நான் அதிகம் நம்பவும் மாட்டேன். எஸ்.எஸ்.டி.யை நாளை வேறு கணினிக்குக் கழற்றிக்கொண்டு போகலாம். டிடிஆர்3 ரேம் புதிய கணினி எதிலும் பொருந்தாது. ஆகவே ரேம் வேண்டுமானால் பழையதாகக் கிடைப்பதை வாங்குங்கள்.

காவடி வீடியோ தனிச் சிக்கல். இப்போதைய கைப்பேசிகள் பல ஹெச்இவிசி என்ற காட்சிச் சுருக்க முறையில் பதிவு செய்கின்றன. அதை முழுமையாக விரித்துக் காட்டும் சுற்று உங்கள் பிராசஸருக்குள் இல்லாததால், அதன் கோர்களே அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. கேமரா அமைப்பில் ஹெச்.264 என்ற பழைய சுருக்க முறைக்கு மாற்றிப் பாருங்கள், அதற்குக் காசு தேவையில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. படங்களையும் பாடக்குறிப்புகளையும் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும், நண்பர் ஒருவர் கழற்றி வைத்திருந்த 4 ஜிபி ரேமும் பொருத்தினேன். இப்போது அரை நிமிடத்திற்குள் திரை தயாராகிவிடுகிறது, எழுத்தும் கையோடு வருகிறது. ஹெச்.264இல் புதிதாக எடுத்துப் பார்த்த காட்சி தடங்கலின்றி ஓடியது. காவடியன்று எடுத்த பழைய காட்சிகளை மட்டும் அந்த முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் முடிந்திருந்தது. இனி விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் தமிழ்த் தட்டச்சு எப்படி இருக்கும் என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்கிறேன்.